மாவு மில்லுக்கு டெம்ப்ளேட் பார்த்த கதை

அர்த்தநாரியின் மாவு மில்லுக்கு முன்னால் இருந்த தெரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து போய்விட்டது.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. வெப்சைட் இல்லாத கடைக்கு முன்னால் தெரு நிற்காது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கும். ஓரமாக நகர்ந்து உட்காரும். அப்புறம் தன்னைச் சுருட்டிக்கொண்டு, வெப்சைட் வைத்திருக்கிற கடையாகப் பார்த்துப் போய்விடும். கோழிக்கடைக்காரருக்குப் போன வருஷமே போய்விட்டது. அவரிடம் இன்னும் கோழி இருக்கிறது. கோழிதான் அவரைப் பார்த்துக்கொள்கிறது.

தெரு போன இடத்தில் ஒன்றுமே இருக்காது. பள்ளம்கூட இருக்காது. பள்ளமாக இருந்தாலாவது இறங்கி ஏறலாம்.

மில்லுக்குள் அர்த்தநாரி நின்றார். எதிர்ப்பக்கம் பெண்கள் மிளகாய் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மில் தெரிந்தது, வர வழியில்லை. கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போனார்கள். ஓடிப்போன தெருவை யாரும் திட்டவில்லை, அர்த்தநாரியைத்தான் திட்டினார்கள். எங்கள் ஊரில் ஓடிப்போனவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அர்த்தநாரிக்கு மில்லை விட்டால் வேறு எதுவும் தெரியாது. அதை அவரே பெருமையாகச் சொல்லுவார். எந்தக் கலரில் சட்டை எடுத்தாலும் ஒரு வாரத்தில் அது மிளகாய்க் கலருக்கு வந்துவிடும். மில் நின்றால் அவரும் நின்றார் என்றுதான் கணக்கு. அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“ஏனுங்க, ஊர்ல அத்தன பேரும் வெப்சைட் வெச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்னுங்க கேடு?” என்றாள் அவர் மனைவி பாவாயி.

“மாவு அரைக்கறதுக்கு எதுக்கு பாவாயி வெப்சைட்டு?”

“மாவுக்கு வேண்டாமுங்க. தெருவுக்கு வேணும்.”

அர்த்தநாரி ஒத்துக்கொண்டார்.

பாவாயியின் அண்ணன் செங்கோடன் விஷயம் கேள்விப்பட்டு, கொல்லைப்பக்கமாகச் சுவரேறிக் குதித்து வந்தார். எந்த விசேஷமானாலும் முதல் ஆளாக வந்து, பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருக்கிறவர் அவர். தனியாக வரவில்லை.

“ஆளு கூட்டியாந்துட்டேன் மாப்ள. ஏ.ஐ. ஏஜென்ட்டு. டெம்ப்ளேட்டு காட்டறதுல இவர அடிச்சுக்க ஆளில்ல.”

ஏஜென்ட் என்பது ஒரு முழுக்கைச் சட்டை. வெளிர் நீலம். மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. உள்ளே ஆள் கிடையாது. அர்த்தநாரி அதைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளே ஆள் இல்லாத சட்டைகள் எங்கள் ஊரில் பெரிய பெரிய நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

“வணக்கம். மாவு மில் நடத்துவது மிக அருமையான யோசனை” என்றது சட்டை.

“யோசனை இல்லீங்க. பொழப்பு.”

“மிக ஆழமான கருத்து. நன்றி.”

சட்டையின் பையில் ஒரு கருவி இருந்தது. டெம்ப்ளேட் பட்டியலிடும் கருவி. எந்தெந்த மாதிரி வெப்சைட் தயாராக இருக்கிறது என்று கேட்டால் அது சொல்லும். அவ்வளவுதான் சொல்லும். அதை வாங்கிச் சட்டை நம்மிடம் சொல்லும். அதுவும் அவ்வளவுதான் சொல்லும். இதற்கு எதற்கு ஒரு சட்டை நடுவில் என்று கேட்கிற புத்தி எங்கள் ஊரில் யாருக்கும் வரவில்லை. இஸ்திரி அவ்வளவு நன்றாக இருந்தது.

“மில்லுக்கு எது நல்லாருக்குமுங்க?” என்று கேட்டார் அர்த்தநாரி.

“எல்லாமே நன்றாக இருக்கும்.”

“எது நல்லாருக்காது?”

“அப்படி ஒன்று பட்டியலில் இல்லை.”

“சரி. நீங்களே ஒண்ண எடுத்து மாட்டிக் குடுத்துருவீங்களா?”

“பட்டியலிடுவேன்.”

“எனக்கேத்த மாதிரி மாத்தறது?”

“பட்டியலிடுவேன்.”

“அப்பறம்?”

“விரும்பினால் மறுபடியும் பட்டியலிடுவேன்.”

செங்கோடனுக்குத் திருப்தி. “பாத்தீங்ளா மாப்ள, ஒரு வார்த்த கோவமாப் பேசல” என்றார். கோபம் வர உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

டெம்ப்ளேட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கிற மாதிரிதான். பாவாயி நல்ல சேலை கட்டிக்கொண்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எடுத்துக்கொண்டாள். சுவரேறுவதற்கு முன்னால் இரண்டு ஆண்களையும் நிறுத்திச் சொன்னாள்.

“போனமா, பாத்தமா, வந்தமான்னு இருக்கோணும். எந்த ஊட்லயும் கை நனைச்சுப்போடக் கூடாது.”

எங்கள் பக்கம் அப்படி. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் பேச்சு முடிந்தது, சம்பந்தம் உறுதி. பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பசித்த வயிற்றோடு எழுந்து வந்துவிடுவார்கள். அதிலேயே புரிந்துகொள்ள வேண்டும். செங்கோடன் இதுவரை போன பெண் பார்க்கிற இடமெல்லாம் உறுதியாகித்தான் வந்திருக்கிறது. அதனால் சில பேருடைய வாழ்க்கை வீணாகியும் இருக்கிறது.

டெம்ப்ளேட் காலனி ஊருக்குக் கிழக்கே இருந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே ஜன்னல். உள்ளே போனால்தான் வேறு. சமயத்தில் உள்ளே போனாலும் ஒன்றுதான்.

முதல் வீடு வக்கீல் ஆபீஸ். கோட்டுப் போட்ட நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று சிரித்தார்கள்.

“வணக்கமுங்க” என்றார் அர்த்தநாரி.

“உங்களை வரவேற்பதில் பெருமை கொள்கிறோம்.”

“நான் மாவு மில்லு வெச்சிருக்கறேன்.”

“இங்கே உங்கள் வாக்கியம் வரும்.”

“என்ன வாக்கியமுங்க?”

“இது ஒரு மாதிரி வாக்கியம்.”

நாலு பேரும் அதையே சொன்னார்கள். கையைப் பிரிக்கவே இல்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அப்போதும் பிரிக்கவில்லை.

சுவரில் ஒரு எண் ஓடியது. அதற்குக் கீழே ‘மகிழ்ந்த வாடிக்கையாளர்கள்’ என்று எழுதியிருந்தது. பார்த்தால் பூஜ்ஜியத்திலிருந்து கிடுகிடுவென்று ஏறும். பார்வையை எடுத்தால் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அர்த்தநாரி திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் மில்லுக்கு இதுவரை ஒருத்தர்கூட மகிழ்ந்து வந்ததில்லை. கல் இருக்கிறது, மாவு சூடேறிவிட்டது, எடை குறைகிறது என்றுதான் வருவார்கள். அந்த எண்ணின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தது முகத்தில் தெரியக் கூடாது என்று மீசையைத் தடவினார்.

“புடிச்சிருக்குதா?” என்று பாவாயி காதில் கேட்டாள்.

“எண்ணு நல்லாருக்குது. ஆளுகளப் புடிக்கல.”

கை நனைக்காமல் எழுந்தார்கள்.

இரண்டாவது வீடு கல்யாண போட்டோக்காரருடையது. கூடத்து மூலையில் சூரியன் மறைந்துகொண்டே இருந்தது, மறைந்து முடிக்கவில்லை. அதற்கு எதிரே ஒரு ஜோடி, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றது. பாவாயிக்குச் சூரியன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியது. “இதுகளுக்குக் கழுத்து வலிக்காதா?” என்று கேட்டாள். சட்டை அதை மிகச் சிறந்த கேள்வி என்றது. பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வீட்டுக்கு முடிவே இல்லை. நடக்க நடக்க வீடு கீழே கீழே இறங்கிப் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு திருப்பத்தில் வக்கீல், அடுத்த திருப்பத்தில் டாக்டர், அதற்கும் கீழே கட்டட இன்ஜினியர். முகம் அதேதான். சிரிப்பும் அதேதான்.

“இவங்கள மேலயே பாத்துட்டமே” என்றாள் பாவாயி.

“மிகச் சரியாகக் கவனித்தீர்கள்” என்றது சட்டை. பையில் கையை விட்டது, கை என்று ஒன்று இல்லாவிட்டாலும். கருவி டிங் என்றது. “மேலும் பட்டியலிடுகிறேன்.”

அரைத்த மாவையே அரைக்கிறது என்று ஊரில் சொன்னால் அர்த்தநாரிக்குக் கோபம் வரும். மாவை மறுபடி அரைத்தால் நைசாகவாவது ஆகும், அதில் என்ன குற்றம் என்று சண்டைக்குப் போவார். அன்றைக்கு அந்தச் சண்டையை விட்டுவிட்டார். இந்தச் சட்டை மாவே இல்லாமல் அரைத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டியது. காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை. அடுத்தது ஒரு நல்வாழ்வு நிலையம். எல்லாம் வெள்ளை. தாடி வைத்த ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் ‘நிறுவனர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சைத் தழையை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். தழையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அர்த்தநாரி எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“வேண்டாமுங்க. போலாம்” என்றார்.

திரும்பிப் பார்த்தால் செங்கோடன் கிண்ணத்தில் கையை விட்டு மென்றுகொண்டிருந்தார்.

பாவாயி தலையில் கை வைத்தாள். “அண்ணா, என்ன காரியம் பண்ணுனீங்க?”

“தழதான புள்ள. ஆட்டுக்குப் போடறது. இதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?”

“சம்மதம் பதிவாயிற்று” என்றது சட்டை. “இந்த வட்டாரத்து வழக்கங்களை நான் நன்கு கற்றிருக்கிறேன்.”

உலகத்தில் கற்க எத்தனையோ இருக்கிறது. அது இதைக் கற்றிருந்தது.

“தின்னது அவரு. மில்லு என்னுது” என்றார் அர்த்தநாரி.

“உடன் வந்தவர் கை நனைத்தாலும் நனைத்ததுதான்.”

அர்த்தநாரி பாவாயியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “அதென்னமோ நெசந்தானுங்க. மொறைன்னா மொறைதான்” என்றாள். அவளுக்கும் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்துக்காக முறையை விட்டவர்கள் அவள் வம்சத்தில் கிடையாது.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் டெம்ப்ளேட் போய்ச் சேர்ந்திருந்தது.

தெரு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட அகலமாக வந்திருந்தது. ஓரத்தில் பெயர் தெரியாத மரங்கள். மில் வெள்ளையாக இருந்தது. மாவுத் தூசி இல்லை, சத்தம் இல்லை, நெடி இல்லை. அரவை மெஷின் இருந்த இடத்தில் கருப்புக் கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு வெள்ளைப் பூவை வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் நிறுவனர் உட்கார்ந்திருந்தார். சுவரில் எண் ஓடியது.

“கல்லு மேல எதுக்கு பூவு?” என்றார் அர்த்தநாரி. “சரி, போச்சாது. இந்தாளு எடத்துல என்னயப் போடோணும். மாத்தச் சொல்லுங்க.”

“தாராளமாக மாற்றலாம்” என்றது சட்டை. “அதற்கு வேறு கருவி வேண்டும்.”

“அது யாருகிட்ட இருக்குது?”

“என்னிடம் பட்டியலிடும் கருவி இருக்கிறது.”

“அது இல்லீங்க, மாத்தற கருவி.”

“உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பட்டியலிடட்டுமா?”

அர்த்தநாரிக்குச் சட்டையின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. காலர் இருந்தது, கழுத்து இல்லை.

அதற்குள் புதுத் தெரு வழியாக வாடிக்கை வந்துவிட்டது. முதலில் வந்தவள் வடக்கு வீட்டு ராசம்மா. மிளகாய் டப்பாவை நிறுவனர் முன்னால் வைத்தாள்.

“உங்களை வரவேற்பதில் பெருமை கொள்கிறோம்” என்றார் நிறுவனர்.

ராசம்மா அப்படியே நின்றுவிட்டாள். இந்த மில்லில் அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. “அக்கட்ட நில்லு, மூஞ்சில பட்டுரும்” என்பதுதான் அர்த்தநாரி அவளிடம் அதிகம் பேசிய பேச்சு. நிறுவனர் மிளகாயைத் தொடவில்லை. அவளும் கொஞ்ச நேரம் நின்று, அரைக்காத மிளகாயை அப்படியே இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நல்லா நைசா இருக்குதுங்க அர்த்தநாரி அண்ணா” என்றாள் நிறுவனரிடம்.

சுவரில் எண் ஒன்று ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக் குழம்பில் மிளகாய் முழுசு முழுசாக மிதந்தது. புருஷன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி கோதுமை கொண்டுவந்து, கோதுமையாகவே வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மாவு வேண்டாம். இத்தனை வருஷம் அர்த்தநாரி மாவைக் கொடுத்து வார்த்தையைக் கொடுக்காமல் விட்டார். அதுதான் அவர் செய்த தப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ராசம்மா அடுத்த தடவை வந்தபோது, “அர்த்தநாரி நான்” என்றார் அவர்.

“நீங்க யாருங்க?” என்றாள் ராசம்மா. திமிராகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அவர் பாவாயி பக்கம் திரும்பினார். பாவாயி இவரைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

“நீங்க சித்த அக்கட்ட நில்லுங்க. ஆளுக வர்ற நேரம்.”

“பாவாயி, உனக்குமா தெரியல?”

“எனக்குத் தெரியுதுங்க. ஆனா நிறுவனர்னு அவரு நெஞ்சுலதான எழுதியிருக்குது. நான் என்னுங்க பண்ணுவேன்?” அவள் வாசல் பக்கம் பார்த்தாள். “தெரு இப்பத்தானுங்க வந்துருக்குது.”

அர்த்தநாரிக்கு அழுகை வந்தது. வெள்ளையான இடத்தில் அழுவதற்கு ஒரு மூலைகூட இல்லை. வெளியே போய் நின்றார். தெரு அவரை மெதுவாக ஒதுக்கி ஒதுக்கி ஊர்க்கோடியில் விட்டது. அங்கே சட்டை நின்றிருந்தது.

“காலனியில் ஒரு வீடு காலியாகியிருக்கிறது” என்றது.

நல்வாழ்வு நிலையம் மில்லுக்கு வந்துவிட்டதால் அந்த வீடு சும்மா கிடந்தது. அர்த்தநாரி அதில் போய் உட்கார்ந்தார். ஒரு மெஷின் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மெஷினின் படம். கொஞ்ச நாளில் கை தானாகவே நெஞ்சுக்கு ஏறிக் கட்டிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உதடு விரிந்து சிரிப்பில் நின்றது, முகம் அந்த நாலு பேர் சாயலுக்கு வந்தது. கருவி அவரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ‘மாவு மில். புதியது.’

பலரும் வந்து பார்த்தார்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து, ஆள் ரொம்பக் கறுப்பு என்றார். ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரர், “கல்லு மேல பூவு இருக்கறதுதான் இப்ப போகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கை நனைக்கவில்லை. அர்த்தநாரிக்கு அதில் வருத்தமில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். பாவாயி வர வேண்டும். வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும், அவர் மில்லுக்குப் போய்விடலாம்.

பாவாயி வந்தாள்.

வெற்றிலைத் தட்டோடு வந்தாள். கூடச் செங்கோடன். தாடி வைத்த நிறுவனரும் வந்திருந்தார். அவர்களுக்கு முன்னால் சட்டை.

“தொழில் ஓகோன்னு போகுதுங்க” என்றார் செங்கோடன் பொதுவாக. “வேற டெம்ப்ளேட்டு மாத்தலாம்னு தங்கச்சி ஒரே புடியா நிக்குது. ஏன்னு கேட்டாச் சொல்லமாட்டீங்குது.”

“உங்களை வரவேற்பதில் பெருமை கொள்கிறோம்” என்றார் நிறுவனர்.

“உங்களை வரவேற்பதில் பெருமை கொள்கிறோம்” என்றார் அர்த்தநாரி. அவர் சொல்ல நினைத்தது அதுவல்ல.

பாவாயி எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். “எங்கியோ பாத்த மாதிரி இருக்குது” என்றாள்.

“எல்லா டெம்ப்ளேட்டும் அப்படித்தான் தோன்றும்” என்றது சட்டை.

“நான் ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?”

பெண் பார்க்கப் போனால் பாடத் தெரியுமா என்று கேட்பது உண்டு. சட்டைக்கு அது தெரிந்திருந்தது. “தாராளமாக” என்றது.

பாவாயி முன்னால் குனிந்தாள். “மொளகா அரைச்சு முடிச்ச கல்லு. அடுத்து இடியாப்பத்துக்கு அரிசி அரைக்கோணும். நடுவுல என்னுங்க போடுவீங்க?”

ஒரு கைப்பிடி பச்சரிசி. அதை அரைத்துக் கீழே கொட்டிவிட வேண்டும், காரம் அதோடு போய்விடும். வேறு மில்களில் என்ன செய்கிறார்களோ. இந்த மில்லில் அந்த ஒரு கைப்பிடியைப் போட்டுக் கொட்டியவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று அவர், இன்னொன்று அவள். பதில் தெரியாமல் அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி இதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. சந்தோஷமாக வாயைத் திறந்தார்.

“இங்கே உங்கள் பதில் வரும்” என்றார்.

பாவாயி காத்திருந்தாள். செங்கோடன் நேரமாகிறது என்றார். அவள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

“யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லீங்க. ஒரே ஒரு வார்த்த போதும்.”

அர்த்தநாரி உயிரைக் கொடுத்து யோசித்தார். அரிசி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

“இது ஒரு மாதிரி வாக்கியம்” என்றார்.

பாவாயி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“இவரும் இல்லீங்க. வேற இருக்குதுங்களா?” என்றாள் சட்டையிடம்.

“நிறைய இருக்கிறது” என்றது சட்டை சந்தோஷமாக. பையில் கருவி டிங் என்றது.

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். சட்டை அடுத்த வீட்டின் பெயரைச் சொன்னது. அர்த்தநாரி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். கண் எரிந்தது. அந்த வீட்டில் மிளகாய் கிடையாது.